பழைய போல்ட் சித்தப்பு

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பூரைத் தாண்டும் வண்டிக்காரர்கள் வெயிலுகந்த விநாயகருக்கு ஒரு கும்பிடு போடாமல் போவதில்லை. சிலர் வண்டி சூடாகி நின்றுபோனதால் சற்றுக் கூடுதல் நேரம் கும்பிடுவார்கள். வெயிலை உகந்து ஏற்றுக்கொள்ளப் பிள்ளையாரால் முடியும். சிலிண்டர் ஹெட்டால் முடியாது.

அப்படி நின்ற வண்டிகளில் ஒன்றின் உரிமையாளரைச் சித்தப்பு என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு நாலு பேராவது இப்படி இருப்பார்கள். பெயர் மாறும், டப்பா மாறாது. டப்பா என்றால் வீட்டுப் பின்கட்டில் வரிசையாக நிற்கும் ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒன்றில் வாஷர், ஒன்றில் வளைந்த ஆணி, ஒன்றில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். கடைசி பாட்டிலில் போல்ட்டுகள். கடற்காற்று படிந்து அவை எல்லாமே ஒரே கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டன.

கார் இன்ஜினைக் கழற்றித் தார்ப்பாயில் பரப்பியாகிவிட்டது. ஆயிலில் தண்ணீர் கலந்து பால் ஊற்றிய டீ மாதிரி இருந்ததை மெக்கானிக் விரலில் தொட்டுக் காட்டினார். சித்தப்பு மூச்சுவிடவில்லை. பிஸ்டன் ரிங் என்றார், சரி. பேரிங் என்றார், சரி. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பண்ண வேண்டும் என்றார், அதற்கும் சரி. ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போன பட்டியலில் கடைசி வரி வந்தது.

"ஹெட் போல்ட் ஒரு செட்டு, சித்தப்பு."

"அது எதுக்குப்பா? போல்ட்டு என்ன தேஞ்சா போகும்?"

இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம். போல்ட் தேயாது. நீளும்.

ஹெட் போல்ட்டை இறுக்குவது என்றால் அதை இழுத்து நீட்டுவது என்றே பொருள். நீட்டப்பட்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் ஹெட்டைப் பிளாக்கோடு அமுக்கிப் பிடிக்கிறது. இழுப்புக்கு ஏற்ற நீட்சி என்று ராபர்ட் ஹூக் 1678-ல் சொன்ன விதி, சித்தப்புவின் பேரன் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஓர் எல்லை வரை நீட்டிவிட்டால் திரும்பும். எல்லை தாண்டினால், பள்ளிக்கூட டிராயரின் எலாஸ்டிக் மாதிரி, நீண்டது நீண்டதுதான்.

பழைய கார்களில் இந்த எல்லைக்கு உள்ளேயே நிறுத்திக்கொள்வார்கள். அளவு பார்த்து டார்க், அதாவது திருகும் பலம், வைத்தால் போதும், வேலை முடிந்தது. ஆனால் இப்போதைய பல இன்ஜின்களில் வேண்டுமென்றே எல்லையைத் தொட வைக்கிறார்கள். முதலில் குறைவான டார்க், பிறகு கால் வட்டம், மறுபடி ஒரு கால் வட்டம் என்று டிகிரி கணக்கு. எல்லா போல்ட்டும் ஒரே பலத்தில் பிடிக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்படி ஒருமுறை இழுபட்ட போல்ட்டைத் திரும்ப மாட்டாதே என்று பல கம்பெனிகள் புத்தகத்தில் எழுதிவிடுகின்றன. சில கம்பெனிகள், நீளத்தை அள, இத்தனை மில்லிமீட்டருக்குள் இருந்தால் மாட்டிக்கொள் என்கின்றன. ஆக, பழசு ஆகுமா ஆகாதா என்பதைச் சொல்ல வேண்டியது அந்த இன்ஜினின் புத்தகம். சித்தப்பு கேட்பதோ அம்பாசடரிடம்.

"எங்க அப்பா அம்பாசடர் வச்சிருந்தாக. மூணு தடவ ஹெட்டு இறக்குனோம். ஒரு போல்ட்டு மாத்துனதில்ல!"

இது அவருடைய பிரம்மாஸ்திரம். டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாப்பில் எல்லாம் ஏவியிருக்கிறார். 1958-ல் உத்தரபாராவில் தொடங்கி 2014-ல் நின்றுபோன அந்த வண்டியின் மேல் அவருக்கு இருக்கும் பக்தியைக் குறை சொல்ல முடியாது. சொன்னதும் பொய்யில்லை. ஒரே ஒரு சிக்கல். அந்தக் கால 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் ஹெட்டைப் பிடிப்பது போல்ட்டே அல்ல. பிளாக்கில் நட்டுவைத்த ஸ்டட், அதன் தலையில் நட்டு. இல்லாத போல்ட்டை அவர்கள் மாற்றாமல் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மெக்கானிக்குக்கு இது தெரியும். பெரியவர் மனம் நோகக்கூடாதென்று பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பு போன்றவர்களுக்கு டார்க் ரென்ச் என்றாலே இளக்காரம். "கைதாம்ப்பா டார்க்கு" என்பார்கள். ஸ்பானரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, 'ஹக்' என்று ஒரு சத்தம் கொடுத்து இறுக்குவார்கள். அந்தச் சத்தம்தான் அளவு. திருகும் பலத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வுக்கே போய்விடுகிறது. அமுக்கிப் பிடிக்க மிஞ்சுவது ஒரு பங்கு. பின்கட்டு பாட்டிலில் துருப்பிடித்த போல்ட்டென்றால் அந்த ஒன்றும் குறையும். ரென்ச் 'டக்' என்று சொல்லும், கை வலிக்கும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது.

எதிர்ப் பக்கத்திலும் ஒருவர் உண்டு. புத்தகம் பழசு போதும் என்றாலும் எல்லாம் புதுசு போடு என்று சொல்லிவிட்டு, போல்ட் குழியில் தேங்கிய எண்ணெயைத் துடைக்காமல் மாட்டச் சொல்வார். எண்ணெய் நசுங்காது. இறங்குகிற போல்ட் அதை அழுத்த, பிளாக் விரிசல் விடும். அவர் ஊர் வேறு, அவரை விடுவோம்.

மெக்கானிக் வாதாடவில்லை. ராமநாதபுரத்திலிருந்து வந்த புது போல்ட் ஒன்றையும், கழற்றிய பழசு ஒன்றையும் எடுத்து, இரண்டின் மரையையும் ஒன்றுக்கொன்று எதிராக ஒட்டவைத்தார், இரண்டு சீப்பின் பற்களைக் கோத்த மாதிரி. முதல் ஏழெட்டுப் பல் கச்சிதமாக உட்கார்ந்தன. பிறகு ஒன்று லேசாக ஏறியது. அடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசியில் பல்லின் மேல் பல் நின்று, நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

சித்தப்பு கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார். "புதுசுதான் சுருங்கிருக்கு" என்றார்.

இந்த இடத்தில்தான் அவருடைய இன்னொரு முகத்தைச் சொல்ல வேண்டும். அவருக்குக் கடலில் ஒரு விசைப்படகில் பங்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு இன்ஜினைப் பிரிக்கும்போது அங்கேயே உட்கார்ந்திருப்பார். கேஸ்கெட் புதுசு, போல்ட் புதுசு, ஓஸ் புதுசு. பழசைப் போடலாமா என்று அங்கே ஒருவன் கேட்டிருந்தால் அவன் கதி அவ்வளவுதான். "நடுக்கடல்ல எறங்கித் தள்ளுவியாடா?" கார் அப்படியில்லை. சாலையில் நின்றால் தள்ள நாலு பேர் வருவார்கள், வராவிட்டால் பிள்ளையார் இருக்கிறார். அவருடைய சிக்கனத்துக்குக் கரையில்தான் உயிர்.

மெக்கானிக் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். 70 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள டீசல் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் வந்தால், ஹெட்டை மேலே தூக்கும் விசை ஐந்தரை டன்னுக்குக் குறையாது. 3000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 1500 தடவை, ஒவ்வொரு சிலிண்டரிலும்.

"அஞ்சரை டன்னா? அது ஒரு லாரி லோடுல்ல?"

"ஆமா சித்தப்பு. பத்து போல்ட்டுதான் புடிச்சுக்கிட்டு நிக்குது."

சித்தப்பு நெடுநேரம் பேசவில்லை. படகு ஞாபகம் வந்திருக்கலாம். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணி, "போடு, புதுசயே போடு" என்றார்.

புது போல்ட்டுகள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசை தப்பாமல் இறங்கின. டார்க் முடிந்து, மெக்கானிக் டிகிரி பார்த்துத் திருப்பிய ஒவ்வொரு கால் வட்டத்துக்கும் சித்தப்பு தன்னையறியாமல் 'ஹக்' என்றார். இன்ஜின் உயிர் பெற்றது. தண்ணீர் குறையவில்லை, புகை வெள்ளையாக வரவில்லை. எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு டீக்குக் கிளம்பினார்கள்.

சித்தப்பு மட்டும் வண்டிக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். கையில் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில்.

"தம்பி, பழசு ஒம்போதுதான்ப்பா இருக்கு."