கிருமிக்கும் டியூஷன்

கனடாவின் பிக்கரிங்கில், லிவர்பூல் வீதிப் பக்கம் எங்களுக்கு ஓர் அண்ணர் வாய்த்திருக்கிறார். மற்றவர்கள் சென்னை போனால் சேலையோடு வருவார்கள். அவர் அமொக்சிசிலின், அசித்ரோமைசின், செஃபிக்ஸிம் என்று பெட்டி நிறைய அன்டிபயோட்டிக் குளிசையோடு வருவார். டொக்டரின் துண்டில்லாமல் செஃபிக்ஸிம் கொடுக்கக்கூடாது என்று இந்தியாவில் 2014 முதல் கடும் விதி இருக்கிறதாம். அண்ணரின் சிரிப்புக்கு முன்னால் விதி என்ன செய்யும்!

இங்குள்ள டொக்டர்மார் பாவம். தொண்டை நோ என்றால் குச்சி விட்டுத் துடைத்துப் பரிசோதித்து, "வைரஸ்தான், மருந்து தேவையில்லை" என்று வெறுங்கையோடு அனுப்புவார்கள். அண்ணர் போனிலேயே இருமலைக் கேட்டு முடித்துவிடுவார். தடிமனுக்கும் அதே குளிசை, வயிற்றோட்டத்துக்கும் அதே. என்ன சமத்துவம்! ஸ்ட்ரெப் கிருமியென்றால் அமொக்சிசிலின் பத்து நாள் எடுக்கவேண்டும் என்பார்கள். அண்ணர் மூன்று நாளில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எடுத்து வைப்பார். சிக்கனம் தெரிந்த மனிதர்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல், நோபெல் உரையிலேயே, அண்ணரைக் கண்டுகொண்டார். தொண்டை நோவுக்குத் தானே பெனிசிலின் வாங்கி, கிருமியைக் கொல்லப் போதாமல், எதிர்க்கப் பழக்குமளவுக்கு மட்டும் எடுக்கும் ஒருவரை அங்கே கற்பனை செய்து காட்டினார். நாங்கள் பிள்ளைகளைச் சனி ஞாயிறில் டியூஷனுக்கு ஏற்றி இறக்கிக் களைக்கிறோம்; அண்ணர் கிருமிகளுக்குக் காசில்லாமல் வகுப்பெடுக்கிறார். அவையும் நன்றி மறப்பதில்லை. படித்ததைப் பிளாஸ்மிட் என்ற மரபணுத் துண்டில் வைத்து வேற்றினக் கிருமிக்கும் கொடுக்கும். நம் பிள்ளைகள் கொப்பி காட்டுவார்களா? பெறுபேறும் மோசமில்லை: மருந்துக்கு மசியாத பக்டீரியாக்களால் 2019இல் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழின் கணிப்பு. அண்ணரைப் போன்ற ஆசிரியர்கள் பல நாட்டிலும் உழைத்திருக்கிறார்கள்.

2023 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் சிக்கலில்லாத சலக்கடுப்புக்குப் பாமசிக்காரரே மருந்து எழுதலாம். அண்ணருக்கு அதில் மனத்தாங்கல். படிக்காதவன் படித்தவனின் தொழிலில் கைவைக்கிறானாம். அந்தச் சலக்கடுப்பைக் கொடுக்கும் ஈ.கோலை கிருமிகளில் கணிசமானவை அமொக்சிசிலினுக்கு எப்போதோ பயம் விட்டுப்போனவை. அதனால் என்ன, அண்ணரும் அவற்றை அமொக்சிசிலினோடுதான் சந்திப்பார்.

காலாவதியானதைப் பாமசியில் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். தானம் செய்து பழகிய கை, திருப்பிக் கொடுக்குமா? கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடுகிறார். அது டஃபின் கிரீக் சுத்திகரிப்பு நிலையம் போய், எஞ்சியது ஒன்ராறியோ ஏரியில் சேரும். ஏரிக்கரையில் வீடு வாங்க வசதியில்லாதவர், ஏரிக்குள்ளேயே பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்.