ஒரிஜினல் டூப்ளிகேட்

நின்டெண்டோவின் சரக்கை ரஷ்யாவில் முதலில் சுட்டது சந்துக்கடை ஆசாமி யாருமில்லை. சாட்சாத் சோவியத் அரசாங்கம். 1981-ல் நின்டெண்டோ ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையில் ‘எக்’ என்றொரு கையடக்க விளையாட்டை விட்டது. நாலு பக்கமிருந்தும் முட்டை உருண்டு வரும். கீழே விழுந்து உடையாமல் கூடையில் பிடிக்க வேண்டும். சில வருஷத்தில் அதே முட்டையும் அதே கூடையும் ‘எலக்ட்ரோனிகா ஐ.எம்.-02’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, சோவியத் கடைகளில் 25 ரூபிளுக்கு உட்கார்ந்திருந்தன. கூடை பிடிக்கும் வேலையை மட்டும் உள்ளூர் கார்ட்டூன் ஓநாயிடம் ஒப்படைத்திருந்தார்கள். ராயல்டியா? அது முதலாளித்துவ வியாதி, நமக்கெதுக்கு.

ஆயிரம் பாயின்ட் எடுத்தால் அந்தச் சின்னத் திரையில் ஓநாய் கார்ட்டூன் முழுசாக ஓடும் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஒரு வதந்தி பரவியது. ஒரு தலைமுறையே கட்டைவிரல் தேயத் தேய அமுக்கியது. 999-க்கு அப்புறம் மறுபடி பூஜ்யம்தான் வந்தது. அதைப் பார்த்தவனும் வெளியில் சொல்லவில்லை. “பக்கத்து கிளாஸ் பையன் பார்த்தானாம்” என்றுதான் சொன்னான்.

இதற்கிடையில் சரக்கு எதிர்த்திசையிலும் போனது. 1984-ல் மாஸ்கோவில் அறிவியல் அகாதமியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பாஜித்னவ், டெட்ரிஸ் எழுதினார். 1989-ல் நின்டெண்டோ மாஸ்கோவுக்கு ஆள் அனுப்பி, சோவியத் அரசு நிறுவனமான எலோர்க்கிடம் முறைப்படி உரிமம் வாங்கி, ‘கேம் பாய்’ பெட்டியோடு சேர்த்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்றுத் தள்ளியது. எழுதின மனுஷனுக்கு 1996 வரை ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. ஆக, முட்டையை இவர்கள் கேட்காமல் எடுத்தார்கள், கட்டையை அவர்கள் கேட்டு எடுத்தார்கள். கடைசியில் ஏமாந்தவர் பாஜித்னவ்தான்.

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் காலாவதியாயிற்று. அடுத்த மாதமே விலைக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டார்கள். காலையில் பார்த்த விலை சாயங்காலம் இருக்காது. இந்தக் களேபரத்தில் மாஸ்கோவில் விக்தர் சவ்யுக் என்பவருக்கு ஒரு யோசனை: டிவியில் சொருகி விளையாடும் பெட்டியை இங்கே விற்றால் என்ன? அவர் அப்போது இருந்தது ‘பராகிராஃப்’ கம்பெனியில். ஆப்பிளுக்கே கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் செய்து கொடுத்த படிப்பாளிகளின் கூடாரம் அது. பொம்மை விற்கச் சொன்னால் கேட்பார்களா? கேட்கவில்லை. கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்த ‘ஸ்டிப்லர்’ கேட்டது.

பெட்டி எங்கே கிடைக்கும்? நின்டெண்டோவிடம் போயிருக்கலாம். ஆனால் 1983-ல் ஜப்பானில் ‘ஃபேமிகாம்’, 1985-ல் அமெரிக்காவில் ‘என்.இ.எஸ்.’ என்று விட்ட கம்பெனி, ரஷ்யா என்று ஒரு தேசம் இருப்பதையே கணக்கில் எடுக்கவில்லை. நேராகத் தைவானுக்குப் போனார்கள். அங்கே டி.எக்ஸ்.சி. என்ற கம்பெனி ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்ற பெயரில் ஃபேமிகாமின் நகலை வண்டி வண்டியாகச் செய்துகொண்டிருந்தது. ஃபேமிகாமின் மூளையை அச்சு அசலாக நகலெடுத்த சிப்புகளும் தைவானிலேயே கிடைத்தன. அமெரிக்காவில் விற்ற என்.இ.எஸ்.ஸுக்குள் ‘இது நம்ம கேசட்தானா’ என்று சோதிக்கிற ஒரு காவல்கார சிப் உண்டு. ஜப்பான் ஃபேமிகாமில் அந்தக் காவல்காரன் கிடையாது. திறந்த வீட்டுக்குள் நுழைகிறவன் அதைத்தானே தேர்ந்தெடுப்பான்.

நின்டெண்டோவுக்காக இரக்கப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். ஃபேமிகாமின் மூளையைச் செய்தது ரிக்கோ. அதன் நடுவில் இருப்பது அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி வடிவமைத்த 6502 என்ற சிப்பின் உள்ளுறுப்பு. அந்த 6502-ல் பதின்மக் கணக்குப் போடும் வசதி ஒன்று இருந்தது. அதற்குக் காப்புரிமையும் இருந்தது. ரிக்கோ சிப்பை உரித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் தெரியுமா? கணக்குப் போடும் பகுதி அப்படியே இருக்கிறது, அதற்குப் போகும் இணைப்புகளை மட்டும் நறுக்கிவிட்டிருக்கிறார்கள். காப்புரிமைக்குப் பயந்து செய்த காரியம் என்றுதான் விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இதுதான் நம்முடைய அசல்!

இனி ரஷ்யக் கதை. தைவான் பெட்டிக்கு ஸ்டிப்லர் வைத்த பெயர் ‘டெண்டி’. சின்னமாக ஒரு குட்டி யானை. அதை வரைந்தவர் இவான் மக்சீமவ். 1993 பெர்லின் விழாவில் சிறந்த குறும்படத்துக்கான தங்கக் கரடி வாங்கிய அனிமேஷன் கலைஞர். திருட்டுப் பெட்டியின் மேலே சர்வதேச விருதாளர் கைப்பட வரைந்த யானை! இந்த மரியாதை எத்தனை ஒரிஜினல்களுக்குக் கிடைத்திருக்கிறது? யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்கிற கணக்கில் டிவியில் விளம்பரப் பாட்டு வேறு. 1992 டிசம்பரில் 39,000 ரூபிளுக்குக் கடைக்கு வந்தது. டாலருக்கு 400 ரூபிளுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். சம்பளம் வாங்குகிறவனுக்கு அது ஒரு மாசத்தோடு முடிகிற செலவில்லை. ஆனாலும் பிள்ளை அழுதால் அப்பன் என்ன செய்வான்? 1994-க்குள் பத்து லட்சம் டெண்டிக்கு மேல் வீடேறிவிட்டது.

நியாயமாகச் சொன்னால் நகல் சில விஷயங்களில் அசலைவிட மேல். ஃபேமிகாமில் ஜாய்ஸ்டிக் வயரைக் கழற்ற முடியாது, பெட்டியோடு பிறந்தது. டெண்டி கிளாசிக்கில் கழற்றி மாட்டலாம். ஃபேமிகாமை ஆன்டெனா வழியாகத்தான் டிவியோடு சேர்க்க முடியும்; இதில் ஏ.வி. வயரும் போட்டுக்கொள்ளலாம். போதாததற்கு டர்போ பட்டன்கள். அமுக்கிப் பிடித்தால் தானாகவே படபடவென்று சுடும். ஐ.எம்.-02-ல் கட்டைவிரலைத் தேய்த்தவர்களின் தம்பி தங்கைகளுக்கு வந்த வாழ்வு!

பெட்டி வந்தாலும் டிவி ஒத்துழைக்க வேண்டுமே. சோவியத் டிவிகள் ‘சீகாம்’ முறையில் கலர் காட்டுபவை. டெண்டி பேசியது ‘பால்’ (கறக்கிற பால் இல்லை, கலர் முறை). ஆகவே பல வீடுகளில் மரியோ கறுப்பு வெள்ளையில்தான் குதித்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிவியின் வயிற்றைத் திறந்து டிகோடர் பலகை ஒன்றைச் சேர்த்த பிறகே தொப்பி சிவப்பு என்று தெரிந்தது. அதற்கும் மேல் ஒரு தடை உண்டு: பாட்டி. இந்தப் பெட்டியைச் சொருகினால் பிக்சர் டியூப் போய்விடும் என்று அங்கே பாட்டிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நம்ம ஊரில் பர்மா பஜாரிலிருந்தும் ரிச்சி தெருவிலிருந்தும் ‘டிவி கேம்’ வந்து இறங்கியபோது நம்ம பாட்டிகளும் அதையேதான் சொன்னார்கள். கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிச் சொருகுவதும் இரண்டு ஊருக்கும் பொது வைத்தியம். உலகம் முழுக்க இந்த இரண்டையும் யார் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

1993-ல் டெண்டிக்கென்று ஒரு பத்திரிகை வந்தது. 1994-ல் டிவியில் ‘டெண்டி: புதிய யதார்த்தம்’ என்ற தலைப்பில் வாராந்திர நிகழ்ச்சியே வந்தது. நடத்தியவர் செர்கேய் சுபோனெவ். குழந்தைகளுக்கான ‘நட்சத்திர நேரம்’ நிகழ்ச்சியால் ஏற்கெனவே நாடறிந்த முகம். அடுத்த வருஷம் அது நாட்டின் முதல் சேனலுக்கே இடம் மாறியது. உரிமமே இல்லாத பெட்டிக்கு முதல் சேனலில் நேரம் ஒதுக்கி, நாட்டின் செல்ல மாமா உட்கார்ந்து, எந்தச் சுவரை உடைத்தால் எக்ஸ்ட்ரா லைஃப் என்று வகுப்பெடுக்கிறார். அந்த வருஷம்தான், 1995-ல்தான், ரஷ்யா பதிப்புரிமைக்கான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேசட் உலகம் இன்னும் விசேஷம். மேலே ‘9999 இன் 1’ என்று ஒட்டியிருக்கும். போட்டுப் பார்த்தால் ஏழெட்டு விளையாட்டு, அதுவே வேறு வேறு லெவலில் ஆரம்பிக்கிற மாதிரி பட்டியல் போட்டு மிச்சம் 9,990 சொச்சத்தை நிரப்பியிருப்பார்கள். நின்டெண்டோ ஃபேமிகாமில் மூன்றாவது மரியோவோடு நிறுத்திக்கொண்டதே என்று வருத்தப்பட்ட யாரோ, சம்பந்தமே இல்லாத ஒரு நிஞ்ஜா விளையாட்டின் ஹீரோவுக்கு மரியோ முகத்தை ஒட்டி ‘சூப்பர் மரியோ 14’ என்று விட்டார்கள். நடுவில் பத்து பாகம் எங்கே என்று எந்தப் பையனும் கேட்கவில்லை. சேகாவின் சோனிக் ஓடுகிற பாதையில் நின்டெண்டோவின் மரியோவை உருளவிட்ட ‘சோமாரி’ 1994-ல் வந்தது. உண்மையான கம்பெனிகள் அந்த இருவரையும் ஒரே விளையாட்டில் சேர்க்க 2007 வரை ஆயிற்று. இந்தக் கூட்டத்தில் டெட்ரிஸும் இருந்தது. மாஸ்கோவில் பிறந்து, ஜப்பானுக்கு விற்கப்பட்டு, தைவானில் திருடப்பட்டு, திரும்ப மாஸ்கோவுக்கே வந்து ரஷ்யர்களிடமே காசுக்கு விற்கப்பட்டது. பாஜித்னவுக்கு இதிலும் பூஜ்யம்.

அப்புறம்தான் ஸ்டிப்லருக்கு நியாய உணர்ச்சி பொங்க வேண்டிய நேரம் வந்தது. டெண்டி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து லிஃபா, கெங்கா, சுபோர் என்று சந்தை முழுக்க வேறு நகல்கள். கடைக்காரருக்கு எல்லாமே டெண்டிதான், நாம் எந்த மெஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி. ஊரான் சரக்குக்கு யானை ஸ்டிக்கர் ஒட்டி விற்றவர்களின் வியாபாரத்தை, ஸ்டிக்கர்கூட ஒட்டாதவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். போலிகளின் போலியை யாரிடம் போய்ப் புகார் செய்வது? நின்டெண்டோவிடமா?

அங்கேயும் போனார்கள்! 1994 நவம்பரில் நின்டெண்டோவும் ஸ்டிப்லரும் ஒப்பந்தம் போட்டன. ‘சூப்பர் நின்டெண்டோ’வை ரஷ்யாவில் விற்கும் தனி உரிமை ஸ்டிப்லருக்கு, டெண்டி விஷயத்தில் நின்டெண்டோவுக்கு இனி எந்த ஆட்சேபமும் இல்லை. கோர்ட், கேஸ் என்றால் மற்ற நாடுகளில் நடுங்க வைக்கும் கம்பெனி, இங்கே கையில் சந்தை இருக்கிறவனைப் பார்த்ததும் கை குலுக்கிவிட்டது. திருடிப் பிழைத்தவனுக்குத் தண்டனை ஏஜென்சி! ஆனால் அதை அனுபவிக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. 1996-ல் ஸ்டிப்லர் மூடுவிழா கண்டது. டிவி நிகழ்ச்சியும் அதே வருஷம் போயிற்று.

இந்தத் தொழிலில் இருந்தவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பது தனிக் காமெடி. போலந்தில் இதே ஃபேமிகாம் நகலை ‘பெகாசஸ்’ என்று விற்றுக் காசு பார்த்தவர்கள் அடுத்ததாகக் குளிர்பானக் கம்பெனி ஆரம்பித்து ‘ஹூப் கோலா’ விட்டார்கள். கோலாவிலும் அசல் வேறு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. சுபோர் சீனாவிலிருந்து வந்த சரக்கு. விளையாட்டுப் பெட்டிக்குக் கீபோர்டு வைத்துப் ‘படிப்பு மெஷின்’ என்று பெற்றோர் தலையில் கட்டிய கில்லாடிகள், விளம்பரத்துக்கு ஜாக்கி சானையே கூட்டி வந்தவர்கள். அந்தத் தொழிற்சாலையை நடத்திய துவான் யோங்பிங் 1995-ல் வெளியேறி பி.பி.கே. என்ற கம்பெனியை ஆரம்பித்தார். ஓப்போவும் விவோவும் அந்த வேரில் முளைத்தவைதான். உங்கள் பையில் இருக்கிற போனைக் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள்.

டெண்டிக்கு மட்டும் முறைப்படி அங்கீகாரம் கிடைத்துவிட்டது. பழைய விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர்களில் கன்சோல் வகை தேர்ந்தெடுக்கச் சொல்லும்: என்.டி.எஸ்.சி., பால், டெண்டி. ஐரோப்பாவுக்காக நின்டெண்டோ செய்த பால் பெட்டியில் ஜப்பான் விளையாட்டுகள் கொஞ்சம் தடுமாறும். தைவான் சிப்போ அதே 50 ஹெர்ட்ஸ் டிவியில் மூளையை 1.66-க்குப் பதில் 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, திரைக்கோடுகளை வேறு மாதிரி பங்கிட்டு, ஜப்பான் கேசட் பெரும்பாலும் மிரளாமல் ஓடும்படி பார்த்துக்கொண்டது. அந்த ஏற்பாட்டுக்கே இன்று டெண்டி என்றுதான் பெயர். ரஷ்யாவில் பழைய பெட்டி சேகரிப்பவர்களோ விற்க வருகிறவனிடம் முதலில் யானை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் ‘இது டூப்ளிகேட்டுப்பா’ என்று பாதி விலைக்குக் கேட்பார்கள்.