பூஜ்யம் வாங்கி ஜெயித்தவர்

கேள்வி: 1860 அதிபர் தேர்தலில் தென் கரோலினாவில் லிங்கனுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லையாமே! அவ்வளவு வெறுப்பா?

பதில்: லிங்கனுக்கு மட்டுமா? அங்கே ஜெயித்த பிரெக்கின்ரிட்ஜுக்கும் பூஜ்யம்தான்! அதிபரைத் தேர்ந்தெடுக்க மக்களுக்குப் பெட்டியே வைக்கவில்லை. மற்ற எல்லா மாநிலங்களும் ஓட்டுப் போட, இங்கே மட்டும் சட்டமன்றம் கொலம்பியாவில் கூடி, அதிபருக்கு ஓட்டுப் போடும் தேர்வாளர்கள் 8 பேரையும் தானே நியமித்துக்கொண்டது. எட்டு ஓட்டும் பிரெக்கின்ரிட்ஜுக்கே போயின. ஆகவே அந்தப் பூஜ்யத்தை வெறுப்புக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற முடியாது. வெறுப்புக்கு வேறு சாட்சி இருக்கிறது: லிங்கன் ஜெயித்த சேதி வந்ததும் அதே சட்டமன்றம் மாநாட்டுக்கு நாள் குறித்தது, டிசம்பர் 20-ல் அந்த மாநாடு 169-0 என்று ஓட்டுப் போட, மாநிலம் நாட்டை விட்டே பிரிந்தது.

'மக்களைக் கேட்டிருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்?' என்பீர்கள். எந்த மக்களை? அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,03,708 பேரில் 4,02,406 பேர் அடிமைகள். விடுதலையான கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டு வந்து, 1868-ல் ஒருவழியாக அதிபர் தேர்தலுக்குப் பெட்டி வைத்தபோது அங்கே ஜெயித்தவர் கிராண்ட். லிங்கனின் கட்சிக்காரர்!