கணக்கைக் காலி சீட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வெர்ஸ்டாப்பன் மெர்சிடிஸுக்குப் போகிறார் என்றார்கள், போகவில்லை. ஹாமில்டன் மெர்சிடிஸை விட்டு நகரவே மாட்டார் என்றார்கள், ஃபெராரிக்குப் போய்விட்டார். ஃபார்முலா ஒன்னில் இந்த அணி தாவல் பேச்சையெல்லாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

பதில்: எடுத்துக்கொள்ளலாம், எண்ணத் தெரிந்தால். 2025 வரை 10 அணிகள், 20 சீட்டுகள். 2026-இல் காடிலாக் வந்து சேர்ந்ததில் 22. மொத்த உலகத்துக்கும் இவ்வளவுதான் வேலைவாய்ப்பு. ஒருவர் உள்ளே வர வேண்டுமானால் இன்னொருவர் எழுந்திருக்க வேண்டும். அதனால் ஒரு வதந்தி காதில் விழுந்ததும் ‘அந்த வீரருக்குப் போக ஆசையா?’ என்று கேட்பதைவிட, ‘போய் உட்கார அங்கே இடம் இருக்கிறதா?’ என்று கேட்பது பயன் தரும். நம்மிடம் வந்து சேரும் பேச்சில் பெரும்பகுதி மனசைப் பற்றியது: ரேடியோவில் கத்தினார், மேடையில் சிரிக்கவில்லை, மேலாளரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நடந்து முடிந்த மாற்றங்களை அடுக்கிப் பார்த்தால், மனசைவிடச் சீட்டும் ஷரத்தும்தான் அதிகம் தீர்மானித்திருக்கின்றன. 2020-ஐப் பாருங்கள். மார்ச் மாத ஆஸ்திரேலியப் பந்தயம் கொரோனாவால் ரத்தானது. ஜூலையில் ஆஸ்திரியாவில்தான் முதல் பந்தயம். நடுவில், எந்தக் காரும் ஓடாத மே மாதத்தில், 12-ஆம் தேதி ஃபெராரியும் வெட்டலும் ஆண்டு முடிவில் பிரிவதாக அறிவிப்பு வந்தது. 14-ஆம் தேதி மெக்லாரனிலிருந்து சைன்ஸ் ஃபெராரிக்கு, ரெனோவிலிருந்து ரிக்கார்டோ மெக்லாரனுக்கு. அந்த ஆண்டு அதுவரை தோற்ற பந்தயமும் இல்லை, தடத்தில் மோதலும் இல்லை. காலியான ஒரே ஒரு சீட் இரண்டு நாளில் மூன்று அணிகளை அசைத்துவிட்டது.

கேள்வி: ‘2026 வரை ஒப்பந்தம்’ என்று அணியே அறிவித்த பிறகும் தாவல் பேச்சு ஓய்வதில்லையே. கையெழுத்துக்கு மதிப்பில்லையா?

பதில்: மதிப்பு உண்டு, நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் போடும்போது 11 மாதம் என்று எழுதுகிறோம். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் தேடிப் படிப்பது, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற வரியைத்தான். பந்தய ஒப்பந்தமும் அந்த மாதிரிதான். எத்தனை ஆண்டு தங்குவார் என்பதைவிட, முன்கூட்டியே பிரிந்தால் யார் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதையே அது உறுதியாகச் சொல்கிறது. ரெட் புல் 2024 ஜூன் தொடக்கத்தில் செர்ஜியோ பெரெஸின் ஒப்பந்தத்தை 2026 முடிய நீட்டித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் அணியில் இல்லை. அவர் இடத்துக்கு வந்த லியாம் லாசனுக்குக் கிடைத்தவை இரண்டே பந்தயங்கள். 2025 மார்ச் முடிவதற்குள் யூகி சுனோடாவை அந்தக் காரில் ஏற்றுவதாக அறிவித்துவிட்டார்கள். இது அணி கதவைத் திறந்த கதை. வீரர் திறந்த கதை ஹாமில்டனுடையது. 2023 ஆகஸ்ட் கடைசியில் மெர்சிடிஸ் அவரது ஒப்பந்தம் 2025 முடிய நீள்வதாக அறிவித்தது. 2024 பிப்ரவரி 1 அன்று, அந்த ஆண்டோடு அவர் விலகுகிறார் என்று அதே அணி அறிவித்தது. விலகும் உரிமை தரும் ஷரத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்று அணியின் அறிக்கையே சொன்னது. இரண்டு நிகழ்விலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதியதில் பாதியைத்தான் நமக்குச் சொல்லியிருந்தார்கள்.

கேள்வி: ‘நான் எங்கும் போகவில்லை’ என்று வீரரே சொன்னால்? அவரை நம்புவதா, வதந்தியை நம்புவதா?

பதில்: சில நேரம் இரண்டும் உண்மையாக இருக்கும். 2022 ஜூலை 13 அன்று டேனியல் ரிக்கார்டோ ரசிகர்களுக்கு வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார்: அடுத்த ஆண்டு முடியும்வரை மெக்லாரனில்தான் இருப்பேன், பந்தயத்தை விட்டு ஓட மாட்டேன் என்று. அதில் பொய் கிடையாது. அவர் ஒப்பந்தம் 2023 வரை இருந்தது. அவர் போக விரும்பவில்லை. ஆனால் அதற்கு ஒன்பது நாள் முன்பே, ஜூலை 4 தேதியிட்ட ஓர் ஒப்பந்தத்தில் மெக்லாரனும் ஆஸ்கர் பியாஸ்ட்ரியும் இணைந்துவிட்டார்கள். இந்தத் தேதி எப்படி வெளியே வந்தது என்பது தனிக்கதை. ஜூலை 28-இல் வெட்டல் ஓய்வை அறிவித்தார். ஆஸ்டன் மார்ட்டினில் இடம் காலி. ஹங்கேரிப் பந்தயம் முடிந்த மறுநாள், ஆகஸ்ட் 1 காலையில், ஆல்பைனின் அலோன்சோ அந்த இடத்துக்குப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. ஆல்பைன் அணியின் தலைவருக்கே அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. ஆகஸ்ட் 2-இல் ஆல்பைன், தான் வளர்த்த பியாஸ்ட்ரியே 2023-இல் ஓட்டுவார் என்றது. சில மணி நேரத்தில் பியாஸ்ட்ரி, என் சம்மதம் இல்லாமல் அறிவித்துவிட்டார்கள், அடுத்த ஆண்டு நான் ஆல்பைனுக்கு ஓட்டப் போவதில்லை என்று பொதுவெளியில் மறுத்தார். ஆகஸ்ட் 24-இல் ரிக்கார்டோவும் மெக்லாரனும் ஓராண்டு முன்னதாகவே பிரிவதாக அறிவித்தார்கள். இரண்டு அணிகளின் உரிமைக் கோரிக்கையும், இப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்க்கும் ஒப்பந்த அங்கீகார வாரியத்துக்குப் போய், செப்டம்பர் 2-இல் தீர்ப்பு வந்தது: செல்லுபடியாகும் ஒரே ஒப்பந்தம், மெக்லாரனோடு போட்ட ஜூலை 4 ஒப்பந்தம். ஆகவே, வீரரின் மறுப்பைக் கேட்கும்போது ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள். அவர் தன் மனசுக்குப் பொறுப்பேற்றுப் பேசுகிறார். அணி யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அவர் பொறுப்பேற்க முடியாது.

கேள்வி: எல்லாம் சீட்டும் ஷரத்தும் என்றால் திறமைக்கும் மனசுக்கும் வேலையே இல்லையா? ராஸ்பெர்க் எந்த ஷரத்தைப் பார்த்து ஓய்வு பெற்றார்?

பதில்: நியாயமான எதிர்வாதம். மெர்சிடிஸ் வீரர் நிகோ ராஸ்பெர்க் 2016 நவம்பர் 27-இல் அபுதாபியில் உலக சாம்பியன் ஆனார். ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 2-இல் ஓய்வை அறிவித்தார். எந்தக் கணக்கிலும் அகப்படாத முடிவு. முழுக்க முழுக்க அவர் மனசு. இப்படிப்பட்டவை நடக்கும் என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். மெர்சிடிஸுக்கு ஆள் தேவைப்பட்டது. வில்லியம்ஸிடம் போட்டாஸ் இருந்தார். அவரை விட்டுக்கொடுக்க வில்லியம்ஸுக்கு மாற்று தேவைப்பட்டது. அதனால் ஓய்வுபெற்று இரண்டு மாதம்கூட ஆகாத மாசாவைத் திரும்ப அழைத்து, 2017 ஜனவரி நடுவில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறிவித்தார்கள். சீட்டைக் காலி செய்தது மனசு. நிரப்பியது பழைய கணக்குதான். திறமைக்கும் இதே பதில். வரிசையில் யார் முன்னால் நிற்பது என்பதைத் திறமை முடிவு செய்கிறது. வரிசை எப்போது நகரும் என்பதை அது முடிவு செய்வதில்லை. ஹாமில்டனுக்காக ஃபெராரியில் இடம் இழந்த சைன்ஸ், குடல்வால் அறுவைச் சிகிச்சைக்காக 2024 சவூதிப் பந்தயத்தைத் தவறவிட்டு, அடுத்ததாக மெல்போர்னில் வந்து ஜெயித்தார். அன்று வெற்றி மேடையில் அவரைவிடத் தகுதியான ஆள் யார்? அந்த வெற்றியால் ஃபெராரி சீட் திரும்பி வரவில்லை; பெரிய அணிகளில் அவருக்கு வேறு இடமும் கிடைக்கவில்லை. ஜூலை கடைசியில் வில்லியம்ஸோடு கையெழுத்திட்டார்.

கேள்வி: சரி, 2025-இல் வெர்ஸ்டாப்பன் விஷயத்தில் இடமும் இருந்தது, ஆசையும் இருந்தது என்றார்கள். ஏன் நடக்கவில்லை?

பதில்: அங்கே மூன்றாவது கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: அந்தப் பேச்சு உயிரோடு இருப்பதால் யாருக்கு லாபம்? வெர்ஸ்டாப்பனுக்கு ரெட் புல்லோடு 2028 வரை ஒப்பந்தம். கோடை விடுமுறைக்கு முன் புள்ளிப் பட்டியலில் அவர் குறிப்பிட்ட இடத்துக்குக் கீழே போனால் விலகலாம் என்ற ஷரத்து இருப்பதாகச் செய்திகள் வந்தன. மெர்சிடிஸில் ஜார்ஜ் ரஸ்ஸலின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிய இருந்தது. 2026-இல் எஞ்சின் விதிகளே மாறவிருந்தன. எந்த அணியின் கார் வேகமாக இருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாத நேரம். இந்த நிலையில், போகலாம் என்ற பேச்சு நீடித்தால் ரெட் புல்லிடம் வெர்ஸ்டாப்பனின் பேச்சுக்கு எடை கூடுகிறது. வரலாம் என்ற பேச்சு நீடித்தால் மெர்சிடிஸ் ரஸ்ஸலிடம் அவசரப்படாமல் பேரம் பேசலாம். பேச்சை முடித்துவைக்கும் அவசரம் இரண்டு தரப்புக்குமே இல்லை. ஷரத்தின் தேதி நெருங்கிய பிறகு, ஜூலை 31 அன்று ஹங்கேரியில், 2026-இலும் ரெட் புல்லில்தான் இருப்பேன் என்று வெர்ஸ்டாப்பன் சொன்னார். பேச்சும் அடங்கியது. அதாவது இது பொய்த்துப்போன வதந்தி அல்ல. தேதி காலாவதியான பேரம். விலை கொடுத்தவர் மூன்றாவது ஆள். ஜூனில் கனடாவில் ஜெயித்த ரஸ்ஸல், அணி வெர்ஸ்டாப்பனோடு பேசிக்கொண்டிருப்பதால்தான் தன் ஒப்பந்தம் தாமதமாகிறது என்று அடுத்த சில வாரத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அக்டோபரில் சிங்கப்பூரிலும் ஜெயித்த பிறகுதான் 2026-க்கான அறிவிப்பு வந்தது.

கேள்வி: கோடிக்கணக்கில் சம்பாதிப்பவர்கள். கொஞ்சம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: எல்லா வீரரும் ஹாமில்டன் இல்லை. கோவை நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணியில் ஓட்டி ஃபார்முலா ஒன்னின் முதல் இந்திய வீரர் ஆனவர். 2011-இல் ஹெச்ஆர்டி என்ற சிறிய ஸ்பானிய அணியில் திரும்ப வந்தார். ஏழு பந்தயங்கள் ஓட்டினார். பிரிட்டன் பந்தயத்திலிருந்து அவர் சீட் ரெட் புல்லின் ஆதரவோடு வந்த ஓர் இளைஞருக்குப் போனது. அதன் பிறகு அந்த ஆண்டில், டெல்லி அருகே முதல் இந்தியப் பந்தயம் நடந்தபோது மட்டும் நரேனை மீண்டும் காரில் உட்காரவைத்தார்கள். அந்த இளைஞர் பெயர் டேனியல் ரிக்கார்டோ. பதினோரு ஆண்டு கழித்து மெக்லாரனில் அவரே வெளியே நின்றார். 2023 நடுவில் நிக் டி வ்ரீஸ் பத்துப் பந்தயங்களோடு நீக்கப்பட்டபோது அந்தச் சீட்டில் ஏறினார். 2024 சிங்கப்பூரோடு அதிலிருந்தும் இறங்கினார். இவர்களில் யாரையும் வில்லனாக்க முடியாது. ஆனால் ஒன்றை வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும்: தன் இடம் பேரத்தில் இருப்பது தெரியாமல் ஒருவர் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பது மரியாதையான ஏற்பாடு இல்லை. சம்பளம் எவ்வளவு என்பதால் அது சரியாகிவிடாது.

கேள்வி: அப்படியானால் வதந்தியைத் தடுக்க வழியே இல்லையா?

பதில்: தடுக்க வேண்டாம், பட்டினி போடலாம். 1991-இல் மைக்கேல் ஷூமாக்கர் ஜோர்டன் அணிக்கு ஒரே ஒரு பந்தயம் ஓட்டிவிட்டு அடுத்த பந்தயத்துக்குள் பெனட்டனுக்குப் போனார். அங்கே ராபர்ட்டோ மொரேனோ சீட்டை இழந்தார். அந்த அமளிக்குப் பிறகு பிறந்ததுதான் ஒப்பந்த அங்கீகார வாரியம். ஆக, ஒப்பந்தங்களைப் பதிந்துவைக்க ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. வெளியிடும் வழக்கம்தான் இல்லை. அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்தில் யாருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, நீட்டிக்கும் விருப்பம் அணியிடமா வீரரிடமா என்பது சாதாரண ரசிகனுக்குக்கூடத் தெரியும். அங்கேயும் தாவல் பேச்சு உண்டு. ஆனால் அது தெரிந்த தேதியைச் சுற்றி நடக்கிறது. இது வணிக ரகசியம் என்பார்கள் அணி முதலாளிகள். சம்பளம் ரகசியமாகவே இருக்கட்டும். ஒப்பந்தம் முடியும் ஆண்டு, நடுவில் விலகும் ஷரத்து உண்டா, அது யார் கையில் என்ற மூன்று விவரத்தை மட்டும் வாரியம் வெளியிட்டால் போதும். எதிராளி நம் வீரரைத் தூக்கிவிடுவான் என்ற பயமும் எடுபடாது. ஹாமில்டனின் ஷரத்து வெளியே தெரியாமல் இருந்தும் ஃபெராரி அவரைக் கொண்டுபோகத்தான் செய்தது. ரகசியம் போட்டி அணியிடமிருந்து எதையும் காப்பாற்றவில்லை. ரசிகனையும், சீட்டில் உட்கார்ந்திருக்கும் வீரரையும்தான் இருட்டில் வைத்தது. தேதிகள் வெளியே இருந்தால் வதந்தி அழிந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு பந்தய வார வியாழக்கிழமையும் மைக்கின் முன் நின்று ‘போகிறீர்களா, இல்லையா?’ என்ற கேள்விக்கு வீரர் விளக்கம் சொல்வது குறையும். ‘அவரை வைத்துக்கொள்கிறீர்களா, இல்லையா?’ என்று அணியைக் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான்.