பந்து போயிருச்சு

மூணாறில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் ஒரு கோயில், ஒரு கேன்டீன், காலையில் வேலை பிரிக்கிற ஒரு பிரட்டுக்களம் இருப்பதுபோல, தோற்ற ஆட்டத்துக்குக் காரணம் சொல்ல ஓர் அண்ணாச்சியும் இருப்பார். எங்கள் அண்ணாச்சிக்கு வயது 43. டீ ஃபேக்டரியில் வேலை. ஃபின்லே ஆட்டம் நெருங்கினால் மட்டும் வயது 19.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஃபின்லே என்பது ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி காலத்தில், 1941ல் தொடங்கிய ஃபுட்பால் போட்டி. கம்பெனி டாட்டா கைக்குப் போய், 2005ல் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியாகி, தொழிலாளிகளே பங்குதாரர்களும் ஆகிவிட்டார்கள். ஆட்டத்துக்குப் பேர் இன்னும் ஃபின்லேதான். ஆடுகிறவர்கள் கவாத்து வெட்டுகிற, மருந்தடிக்கிற, சாக்கு ஏற்றுகிற ஆட்கள். பழைய மூணாறு மைதானத்தில் ஆட்டம் என்றால் லயத்து வீடுகளுக்கு நாய்தான் காவல்.

ஒரு ஃபின்லே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் எங்களுக்குப் பெனால்டி. அடிக்க வேண்டியவன் கவாத்துக்குப் போகிற சின்னப் பையன். பந்தைக் கையில்கூட எடுத்துவிட்டான். "ஏலே, தள்ளு" என்று அண்ணாச்சி வாங்கிக்கொண்டார்.

அவர் பந்து வைத்த அழகைச் சொல்லியாக வேண்டும். வைத்தார். எடுத்தார். பனியனில் துடைத்தார். காற்று அடிக்கிற துவாரம் மேலே பார்க்கும்படி திருப்பி வைத்தார். புல் ஒன்றைக் கிள்ளிப் பறக்கவிட்டுக் காற்றைப் பார்த்தார். புல் நேரே கீழே விழுந்தது, அதற்கும் தலையாட்டினார். பன்னிரண்டு அடி பின்னால் போய், ஞாபகம் வந்தவர்போல மறுபடி வந்து, சாக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டார். கோலி கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன். பிறகு ஓடிவந்து அடித்தார். கோல் கம்பத்துக்கு மேலே, ஆனைமுடிச் சிகரத்தைப் பார்த்துப் பந்து ஏறியது. அடுத்த மூன்றாவது நிமிஷம் எதிராளி கோல் போட்டான். ஆட்டம் முடிந்தது.

திரும்பும் ஜீப்பில் பதினோரு பேர் வாயடைத்து உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி ஆரம்பித்தார். கோலியின் முகம் பனிமூட்டத்தில் தெரியவில்லையாம். பூட்ஸ் போடியில் வாங்கியதாம். கீழ்நாட்டு வெயிலுக்குத் தைத்தது, இங்கத்துக் குளிருக்கு விரலைக் கவ்விவிட்டதாம்.

"அதெல்லாம் விடு. ஐயாயிரம் அடி உசரத்துல காத்து லேசு. பந்து தூக்கத்தான் செய்யும்."

"நீங்க பொறந்ததே இங்கதான அண்ணாச்சி" என்றான் அந்தச் சின்னப் பையன்.

"நான் பொறந்தேன். பந்து பொறந்துச்சா? அது ஜலந்தர்ல தச்சு வருது."

ஜீப்பில் ஒருவருக்கும் பதில் இல்லை. விஞ்ஞானம் அவர் பக்கம், கோல்தான் இல்லை.

நான் அவரைப் பல வருஷமாகக் கவனித்ததில் பிடிபட்டது இலக்கணம். கோல் விழுந்தால் "நான் போட்டேன்". விழாவிட்டால் "பந்து போயிருச்சு". கால் அவருடையதுதான், எழுவாய் மட்டும் பந்தினுடையது. ஒரு வருஷம் "ஆட்டம் கைவிட்டுப் போச்சு", இன்னொரு வருஷம் "நேரம் சரியில்ல". இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவையும் தோற்றதில்லை; ஆட்டம்தான் தானாகவே தோற்றுக்கொண்டிருக்கிறது. பெனால்டி தப்பிய அன்று ராத்திரி வீட்டில் அண்ணி, "மீன் குழம்பு அடிப்பிடிச்சிருச்சுங்க" என்றாராம். "குழம்பு எப்படிப் பிடிக்கும்? நீ பிடிக்க விட்ட" என்றாராம் அண்ணாச்சி. அடுத்தவர் விஷயத்தில் அவருக்கு எழுவாய் சுத்தமாக இருக்க வேண்டும்.

தேற்றலாம் என்று மறுநாள் கேன்டீனில் ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவில் டிஸ்க் கோல்ஃப் என்று ஒன்று ஆடுகிறார்கள்; தட்டை வீசிச் சங்கிலி தொங்குகிற கூடையில் விழவைக்க வேண்டும். அந்தக் கூடையை உண்டாக்கிய எட் ஹெட்ரிக் 2002ல் இறந்தபோது, அவர் ஆசைப்பட்டபடியே சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். செத்தும் ஆட்டத்தை விடவில்லை பாருங்கள் என்றேன்.

அண்ணாச்சி டீயைக் கீழே வைத்தார். "எனக்கு அப்படிச் செஞ்சிராதிய தம்பி. பந்துக்குள்ள அடைச்சா, இவனுவ காத்து சரியா அடிக்க மாட்டானுவ. நான் எங்கயாவது வெளிய போயிருவேன். அப்புறம் அண்ணாச்சிதான் குறி தப்பிட்டாருன்னு ஊரு சொல்லும்."

இந்த வருஷமும் பேர் கொடுத்திருக்கிறார். ஃபின்லே பார்க்க வருகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். பெனால்டி கிடைத்தால் மட்டும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்காதீர்கள்.