மிளகெண்ணெயும் மண்டை எரிச்சலும்: வேப்பம்பட்டு மரபு குறித்த ஓர் ஆராய்ச்சி

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே, மின்சார ரயில் ஏதோ கடமைக்கு நின்றுவிட்டுப் புறப்படுகிற வேப்பம்பட்டு என்னும் ஊரில், சனிக்கிழமைக் காலைகளில் அடுப்பங்கரைகளிலிருந்து கிளம்பித் தெருவரை வந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் தும்மச் செய்கிற ஒரு நெடியைப் பற்றி, ஒரு கல்வெட்டின் ஓர் எழுத்தில் புள்ளி உண்டா இல்லையா என்பதைக் குறித்து நாற்பது பக்கம் எழுதவல்ல நம் பேராசிரியப் பெருமக்கள் ஒரு வரியேனும் எழுதாமல் விட்டது பெருங்குறையேயாகும். அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம். பிரயோஜனம் சொல்லாத நூலை அறிஞர் மதியார். சொன்ன நூலை அறிஞர் வாங்கார்.

தலைக்குரிய காரத் தைலம் மூவகைப்படும். தீபாவளியன்று விடியுமுன் நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் வெற்றிலையும் இட்டுக் காய்ச்சுவது பண்டிகைத் தைலம். தலையில் நீர் கோத்துக்கொள்ளாமல் காப்பதோடு அதன் உத்தியோகம் முடிந்துவிடுவதால், கேசத்தைப் பற்றி அது எந்த வாக்குறுதியும் கொடுப்பதில்லை. சுக்குத் தைலம், அரக்குத் தைலம் முதலியன நாட்டு மருந்துக் கடையில் சீட்டு ஒட்டிக் கிடைப்பதால் ஆராய்ச்சிக்கு அருகதையற்றவை. மூன்றாவது, முடி வளர்வதற்கென்றே வீட்டில் காய்ச்சுவது. இதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயை இரும்புச் சட்டியில் ஊற்றி, மந்தமான தீயில் வைத்து, கறிவேப்பிலையும் வெந்தயமும் கருஞ்சீரகமும் போட்டு, அவை கறுக்குந் தறுவாயில் மிளகைச் சேர்க்க, அது படபடவென்று வெடிக்க, காய்ச்சுகிற அம்மாள் முகத்தை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொள்ள, கூடத்தில் பாடம் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்த பிள்ளை அடுக்குத் தும்மல் போட, சட்டியை இறக்கி ஆறவைத்துப் பழைய வேட்டித் துணியில் வடித்துக் காலியான ஹார்லிக்ஸ் புட்டியில் ஊற்றி வைத்தல் இதன் பொதுவிதி. இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடுதல் சிறப்புவிதி.

இச்சிறப்புவிதியைச் சித்தர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அருளிச்செய்தனர் என்பாரும் உளர் (அத்தை, வாய்மொழி). மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி; 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்திறங்கிய பிறகே போர்த்துகீசியர் கைவழியாக இந்நாட்டை அடைந்தது. ஆதலின், ஒன்று சித்தர்கள் மிளகாயை ஞானதிருஷ்டியால் கண்டிருத்தல் வேண்டும். அன்றேல் அமெரிக்காவுக்கே போய் வந்திருத்தல் வேண்டும். மிளகாயைப் பிற்காலத்து இடைச்செருகல் என்று கொள்வது மூன்றாவது வழி. அது எளிதாகவும் சரியாகவும் இருப்பதால் ஆராய்ச்சி மாநாடுகளில் எடுபடாது. நூலுக்கு வயது கூடக் கூடத்தானே ஆராய்ச்சியாளர் தோளில் பொன்னாடையும் கூடுகிறது!

இனி, இத்துறையின் தலையாய சிக்கலுக்கு வருவோம். ஒரு வீட்டில், நாட்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிய செய்முறைச் சீட்டொன்று பரணிலிருந்து கிடைத்தது. அதில் மிளகுக்கு நேரே இருந்த எண் எண்ணெய்க் கறையில் மறைந்துபோய், 'பிடி' என்பது மாத்திரம் எஞ்சி நிற்கிறது. அரைப் பிடியா, ஒரு பிடியா, இரண்டு பிடியா? கறையின் அகலத்தை அளந்து, அதனுள் எத்தனை எழுத்து அடங்கும் என்று கணக்கிட்டு, அரை என்று பாடங்கொண்டார் மூத்த மருமகள். எழுதியவர் எழுத்தையே நெருக்கி எழுதுகிற சிக்கனக்காரியாதலால் அவ்வளவில் இரண்டும் அடங்கும் என்று மறுத்தார் இளைய மருமகள் (இளையவர், வாய்மொழி, அடுப்பங்கரைப் பதிப்பு, மூத்தவர் செவியில் விழும்படி).

எண் எதுவாயினும் ஆகுக. பிடி எவர் பிடி? சீட்டை எழுதிய பாட்டியார் நாற்றுப் பறித்த கையினர். அவர் பிடியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்து ரசம் அடங்கும். இன்று காய்ச்சுகிற பேத்தியோ அம்பத்தூரில் கணிப்பொறிமுன் அமர்ந்திருப்பவள். அவள் பிடிக்குள் மிளகு புகுமுன் விரல்களின் இடுக்கு வழியே பாதி வெளியேறிவிடும். ஆகவே பாட்டியின் அரைப் பிடி பேத்தியின் இரண்டு பிடிக்குச் சமம் எனவும், மூத்தவரும் இளையவரும் ஒரே உண்மையையே வேறு வேறு கைகளால் கூறினர் எனவும் சமரசம் கண்டோம். இச்சமரசத்தை இருவருமே நிராகரித்தனர். பிடி என்பது கையைப் பொறுத்ததன்று, அன்றைய கோபத்தைப் பொறுத்தது என்பது வேறொரு கொள்கை (பெயர் வெளியிட விரும்பாத மாமா ஒருவர், சென்னை செல்லும் லோக்கல், ஜன்னலோரம், பட்டாபிராமில் தொடங்கி இந்துக் கல்லூரி நிலையத்தில் முறுக்கு விற்பவர் குறுக்கிட்டமையால் தடைப்பட்ட சொற்பொழிவு, இதன் பிற்பகுதி, ஆவடியில் இறங்கிவிட்ட நண்பரொருவரின் நினைவில் மட்டும் இருப்பதாகத் தெரிகிறது, அவர் நிறுத்தத்தைத் தவறவிடக்கூடாதென்ற அவசரத்தில் இருந்தமையால் அப்பிரதியும் நம்பத்தக்கதன்று).

அடுத்தது பிரமாணம். தைலம் பூசிய பிள்ளை, "அத்தே, எரியுது" என்றால், "எரிஞ்சாத்தான்டா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பது இம்மரபின் மகாவாக்கியம். மலையிலே புகை கண்டு நெருப்பை அநுமானிப்பர் தார்க்கிகர்; மண்டையிலே எரிச்சல் கண்டு கேசத்தை அநுமானிப்பர் வேப்பம்பட்டார். எங்கெங்கு எரிச்சலோ அங்கங்குக் கேசம் என்பது வியாப்தி. பச்சைமிளகாய் அரிந்த விரலிலும், வலிக்குத் தைலம் தேய்த்த முழங்காலிலும் எரிச்சல் இருந்தும் கேசத்தைக் காணோமே எனின், அது வியபிசார தோஷமாகும்; ஆனால் இத்தோஷத்தை எடுத்துக்காட்டியவருக்கு மறுவாரம் மிளகு இரட்டிப்பாயிற்று.

மேனாட்டார் இவ்விஷயத்தில் மந்தமாகவே முன்னேறினர். மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினை 1819-ல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கு தேசத்து எர்ஸ்டெட். மறு ஆண்டே, மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை அவர் கண்டுவிட்டமையால் உலகம் அவருடைய மிளகை மறந்துவிட்டது. மிளகாயின் காரமாகிய காப்சேசின் நரம்பின் எந்த வாயிலைத் தட்டித் திறக்கிறது என்பதை 1997-ல் காட்டிய டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபெல் பரிசு பெற்றார். கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டால் திறக்கிற வாயிலும் அதுவே. சூடு எது, காரம் எது என்று அதற்குப் பேதம் தெரியாது. ஆக, எரிச்சலானது நெருப்பே இல்லாத மலையில் எழுகிற புகை. தார்க்கிகர் பாடு சங்கடந்தான்.

முடிக்கு நேராக உள்ள சான்றுகளோ தம்முள் முரண்படுகின்றன. மனிதரின் மயிர்க்கால்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்துக் காப்சேசின் இட்டுப் பார்த்த ஆய்வொன்று 2005-ல் வெளிவந்தது; அதில் முடி நீள்வது தடைப்பட்டது. 2007-ல் ஜப்பானின் நகோயா நகரத்தார், நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் காப்சேசினைச் சோயாவின் சத்தொன்றுடன் சேர்த்து 5 மாதம் உட்கொள்ளச் செய்து, 31 பேரில் 20 பேருக்கு முடி பெருகிற்று என்றும், வெறும் மாத்திரை கொடுத்த 17 பேரில் இருவருக்கே பெருகிற்று என்றும் எழுதினர். புகழ் மிளகாயினுடையதா சோயாவினுடையதா என்பது தனி வழக்கு. கவனிக்கவேண்டியது, அவர்கள் தின்றார்கள், பூசவில்லை. மயிர்க்காலில் பட்டால் தடை, வயிற்றுக்குள் போனால் வளர்ச்சி என்று இரண்டையும் கூட்டிப் பார்த்தால், வேப்பம்பட்டார் ரசத்தில் போடவேண்டியதைத் தவறிப்போய்த் தலையில் போட்டிருக்கிறார்களென்று ஆகிறது. இதனை அத்தையிடம் விண்ணப்பித்தபோது, "ரெண்டு பேருமே நம்ம எண்ணெயப் பத்தித்தானே எழுதியிருக்காங்க?" என்றார். இப்படிச் சான்றை வளைக்கும் சாமர்த்தியத்துக்குப் பல்கலைக்கழகங்களில் துறைத்தலைவர் பதவி உண்டு.

அப்படியானால் முடி வளர்ந்ததாகச் சொல்பவரெல்லாம் பொய்யரோ எனின், அல்லர். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. கடுங்காய்ச்சலோ பிரசவமோ ஆன இரண்டு மூன்று மாதத்துக்கெல்லாம், சீப்பை வைத்தால் முடி கொத்தாக வருகிறது. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் போனால் தானே திரும்ப முளைத்துவிடுகிறது. கொத்தாக வருகிற அந்த உச்சத்தில்தான் மனிதர் முதலில் போர்த்தண்ணீரைத் திட்டுவர், பிறகு எண்ணெய் காய்ச்சுவர். முளைக்கவேண்டிய நாளில் முளைத்ததற்கு மிளகு கையொப்பமிட்டுச் சம்பளம் வாங்கிக்கொள்கிறது. பரம்பரை வழுக்கைக்காரருக்கு இந்த அதிர்ஷ்டமும் கிடையாது.

அவர்களுக்காக அடுத்த நிலையத்தில் ஓர் ஆறுதல் உண்டு. காசில்லாத பூசலார் நாயனார், மனத்தாலேயே கல் சுமந்து, ஸ்தூபி நட்டு, ஆலயமொன்று கட்டி முடித்தது திருநின்றவூரில்தான். காடவர்கோன் காஞ்சியில் கல்லால் எடுத்த கோயிலின் பிரதிஷ்டையை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் அந்த மனக்கோயிலுக்கே எழுந்தருளினான் என்பது பெரிய புராணச் செய்தி. மனத்தில் வளர்ந்த கேசத்தையும் அவ்வாறே அங்கீகரிக்கலாமா என்பது சித்தாந்திகள் தீர்க்கவேண்டிய வழக்கு. நாவிதர்கள் அங்கீகரிப்பதில்லை, தொகையை மட்டும் முழுத் தலைக்கே வாங்குகிறார்கள்.

நெற்றி வழியாகத் தைலம் கண்ணில் இறங்குதல் என்னும் இயலை, எழுதத் தொடங்கியவரால் பார்த்து எழுத முடியாமற்போனமையால் விடுத்தோம். தலையணை உறை பற்றிய இயலோ தனி நூலாக விரியத்தக்கது. அதன் மூலப்பிரதிகள் தற்போது சலவைக்குப் போயிருக்கின்றன.