கொடைக்கானலின் ரூட் பாஸ்வேர்டு

கொடைக்கானல் காட்டேஜ்காரர் ஒருவர் போன் பண்ணினார். “தம்பி, சைட்ல போட்டோ ஏற மாட்டேங்குது.” பார்த்தேன். அவருக்கு ஒதுக்கிய டிஸ்க் கோட்டா நிரம்பிவிட்டது, எல்லாம் விருந்தாளிகள் படகில் போஸ் கொடுத்த படங்கள். பிரவுசரில் 2087 போர்ட் வழியாக, சிபேனல் சர்வரின் நிர்வாகத் திரையான டபிள்யூஎச்எம்முக்குள் நுழைந்து, ஒரு எண்ணை மாற்றி, ‘சேவ்’ அமுக்கினேன். வேலை முடிந்தது. 1996-இல் நிக் கோஸ்டன் சிபேனலைத் தொடங்கிவைத்த புண்ணியம், அடியில் லினக்ஸ் படும் பாட்டை நான் பார்க்கவே வேண்டியதில்லை.

யோசித்தால் அந்த மலையே, ஒரு சர்வரைப் பலர் பங்குபோடும் ஷேர்டு ஹோஸ்டிங்தான். 1821-இல் சர்வே பண்ண ஏறிய லெப்டினன்ட் வார்டு, டிஸ்க் ஸ்பேஸ் பார்க்க வந்த ஆள். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிகள் இரண்டு பங்களா கட்டி அக்கவுண்ட் திறந்தார்கள். காரணம் பக்தியல்ல, பயம். கீழே காலராவும் காய்ச்சலும் ஆளை அள்ளிக்கொண்டிருந்தன. சர்வர் ரூமுக்கு ஏசி முக்கியம் என்று கண்டுகொண்ட மகான்கள்! ஏழாயிரம் அடியில் குளிர் இலவசம், கரண்ட் பில்லும் கிடையாது.

பிறகு அட்மின் வந்தார்: மதுரை கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச். 1863-இல் ஓடைகளை மறித்துக் கரை போட்டு, சுமார் 60 ஏக்கரில் ஏரியை உண்டாக்கினார். காசு கொடுத்தவரும் அவரே. ஏரி சும்மா கிடக்கலாமா? தூத்துக்குடியிலிருந்து படகு வந்தது. ரிட்டயர் ஆனதும் துரை அங்கேயே குடியேறிவிட்டார். லாக்-அவுட் பண்ண மனம் வராத அட்மின்!

படகு என்ன, நீந்தியா மலையேறியிருக்கும்? மோட்டார் ரோடு வர இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி. பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான மலைப்பாதைதான். துரைசானி டோலியில், துரையின் பெட்டி ஒருவர் தலையில். அப்லோட் என்ற சொல் அட்சரசுத்தமாகப் பொருந்திய காலம்: லோடு, மேலே. பேண்ட்விட்த் என்பது ஆளின் தோள் அகலம். மழை பெய்தால் சர்வர் டவுன்.

இதற்கெல்லாம் வெகு முன்பே பளியர் பழங்குடிகள் அந்தக் காட்டில் தேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் யூசர்நேம் கொடுக்கவில்லை. கேட்காமலே அவர்கள் வீட்டுக்குள் இத்தனை பேர் லாகின் பண்ணிவிட்டார்கள்.

காட்டேஜ்காரர் திரும்பக் கூப்பிட்டார். “ஏறிடுச்சு தம்பி, நீங்க கெட்டிக்காரர்!” சர்வர் லாகைத் திறந்து பார்த்தேன். கோட்டாவை மாற்றியது யார் என்ற இடத்தில், சர்வரின் தலைமை அட்மினான ‘ரூட்’ என்று ஒரே பெயர். கொடைக்கானல் சரித்திரத்தைத் திறந்தாலும் அப்படித்தான்: ஏரி வெட்டியது லெவிஞ்ச், படகு கொண்டுவந்தது லெவிஞ்ச். மண் சுமந்தவனும் படகு தூக்கினவனும் அந்த லாகில் ஒரு வரிகூட இல்லை.